சேர் பொன்னம்பலம் அருணாசலம்: இலங்கைச் சர்வகலாசாலைக்கு வித்திட்ட சைவப் பெருந்தகை

தெல்தோட்டையினின்று கலஹா மார்க்கமாகக் கண்டிக்குச் செல்லும் உபாத்தியாயர்கள் யாவரும் அச்சாலையை நன்கறிவர். தேயிலை மலைகளை வளைந்து வளைந்து இறங்கும் அது பேராதனையை அணுகுங்கால் ஒரு சர்வகலாசாலையின் நடுவே புகுந்து செல்லுகின்றது. ஒருபால் ஹந்தானை மலை, ஒருபால் மகாவலி கங்கை, இடையே கலா மண்டபங்களும் மாணவர் விடுதிகளும். அவ்விடுதிகளுள் ஒன்று அருணாசலம் என்னும் பெயர் பூண்டது. அப்பெயர் எதைக் குறிக்கின்றதென்று வகுப்பிலே யான் ஒருமுறை வினாவியபோது, அது திருவண்ணாமலையின் பெயரன்றோ என்று ஒரு பிள்ளை விடையிறுத்தது. அவ்விடை முழுதும் பிழையன்று. திருவண்ணாமலையின் பெயரைத் தாங்கிய ஒரு சைவப் பெருமகனாரின் பெயரையே அவ்விடுதி தாங்கி நிற்கின்றது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் சரித்திரத்தை எழுதுவோர் அவருடைய அரசியல் வாழ்வையே விரித்துரைத்து, சர்வகலாசாலைக்காக அவர் பட்ட பாட்டை ஓரிரு வரியில் முடித்துவிடுதல் வழக்கம். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் பொருட்டு அவர் உழைத்ததையோ பலர் அந்த ஓரிரு வரியிலும் சேர்ப்பதில்லை. எமக்கு, அதாவது தேயிலைக்கும் பேராதனைக்கும் இடையே பாடசாலை நடத்தும் ஆசிரியர்களுக்கு, இவ்விரண்டுமே அவர் வாழ்வின் முக்கியமான பகுதிகளாகத் தோன்றுகின்றன. ஆதலால் அவற்றை மையமாக வைத்து அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

அருணாசலனார் 1853ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 14ஆந் திகதி கொழும்பிலே தோன்றினார். தந்தையார் மானிப்பாயைப் பூர்வீகமாகவுடைய பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். தாய்வழிப் பாட்டனாராகிய குமாரசுவாமி முதலியார் இலங்கைச் சட்டநிரூபணசபையிலே தமிழர் சார்பில் முதன்முதல் அமர்ந்தவர். அம்மானாகிய சேர் முத்துக்குமாரசுவாமி ஆங்கில நாட்டிலே பாரிஸ்டர் பட்டம் பெற்றுப் புகழெய்தியவர். கொழும்பு கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர்க்கு ஆலயம் எடுத்தவர் தந்தையாராகிய பொன்னம்பல முதலியாரே. அதனைப் பின்னர்க் கருங்கற் றிருப்பணியாகப் புதுக்கியவர் அருணாசலனாரின் தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன். மூத்த தமையனார் பொ. குமாரசுவாமியும் பொதுவாழ்வில் ஈடுபட்டவரே. செல்வமும் செல்வாக்கும் கல்வியும் சிவபத்தியும் ஒருங்கே வாய்ந்த இல்லம் அது. வறுமையில் வாடி மேலேறிய வரலாறு இவருடையதன்று. அத்தகைய இல்லத்திற் பிறந்தும் வறியோர் பக்கம் திரும்பியமையே இவரிடத்து யாம் நோக்கற்பாலது.

கொழும்பு இராயல் கலாசாலையிலே கற்று, 1870ஆம் ஆண்டு ஆங்கில சர்வகலாசாலைக்குச் செல்லும் இராசாங்கப் புலமைப்பரிசிலைப் பெற்றார். அப்பரிசிலின் தன்மையை ஆசிரியர்கள் ஊன்றி நோக்கவேண்டும். தீவு முழுவதற்கும் ஆண்டொன்றுக்கு ஒருவரோ இருவரோ தேர்ந்தெடுக்கப்பட்டு, கடல்கடந்து சென்று கற்றுவர அனுப்பப்படுவர். ஏனையோர்க்கு உயர்கல்வி அத்துடன் முடிந்தது. இலங்கையிலே வைத்தியக் கலாசாலை 1870இலும் சட்டக் கலாசாலை 1874இலும் தோன்றினவாயினும், கலைகளையும் விஞ்ஞானத்தையும் கற்பித்துப் பட்டமளிக்கும் தானம் யாதும் இருந்ததில்லை. அருணாசலனார் அப்பரிசிலால் நன்மையெய்தியவர். எய்தியவர் அதனோடு அமைந்திருக்கலாம். பலர் அவ்வாறே அமைந்திருந்தனர். தமக்குக் கிடைத்தது பிறர்க்கு ஏன் கிடைத்திலது என்று வினாவியமையே இவரை வேறுபடுத்திற்று.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்து அங்கும் புலமைப்பரிசில் பெற்றார். எட்வர்ட் கார்ப்பென்றர் என்னும் ஆங்கில அறிஞரோடு அங்கே கொண்ட நட்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. 1875ஆம் ஆண்டு பாரிஸ்டராகவும் ஆனார். அவ்வாண்டிலேயே, இலங்கைச் சிவில் உத்தியோகத்துக்கான திறந்த போட்டிப் பரீட்சையிலே சித்தியெய்திய முதலாவது இலங்கையர் என்னும் பெருமையையும் பெற்றார்.

தாய்நாடு மீண்டபின் கொழும்பிலும் கண்டிக் கச்சேரியிலும் பணிபுரிந்து, பிறகு நீதி உத்தியோகத்திலே பற்பல ஊர்களுக்கு மாற்றப்பட்டார். சிறு வழக்குகளை விசாரிக்கும் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் அவர் கழித்த ஆண்டுகள் வீண்போகவில்லை. ஏழைகள் கோட்டுவாசலிலே எவ்வாறு நடுங்கி நிற்பர் என்பதை நூல்களினன்றி நேரிற் கண்டறிதற்கு அவை வாய்ப்பளித்தன. 1887ஆம் ஆண்டளவில் தேசாதிபதி சேர் ஆதர் கோடன் இவரை இரெஜிஸ்தார் ஜெனரல் பதவிக்கு உயர்த்தியபோது, மேலிருந்த உத்தியோகத்தர் பலர் தாம் கடந்துவிடப்பட்டமை குறித்து முறையிட்டனர். சீர்கெட்டுக் கிடந்த காணிப் பதிவையும் பிறப்பு இறப்புப் பதிவையும் அருணாசலனார் ஒழுங்குபடுத்திய பின்னர் அம்முறையீடுகளுக்கு வலியில்லாது போயிற்று.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி அதன் அறிக்கையை எழுதியவரும் இவரே. தீவின் சனத்தொகை அப்போது ஏறக்குறைய 35½ இலட்சம். வெறும் எண்களின் அடுக்காக அமையாது, இலங்கையின் இனங்கள், சமயங்கள், மொழிகள், வழக்கங்கள் என்பவற்றை விளக்கும் பெருநூலாகவே அவ்வறிக்கை விளங்குகின்றது. எழுத்தறிந்தோர் எத்துணையர், அறியாதோர் எத்துணையர் என்பதும் அக்கணக்கில் அடங்கும். நாட்டின் அறியாமையை எண்ணிப் பார்த்தவர் ஐந்தாண்டு கழியுமுன் சர்வகலாசாலை வேண்டுமென எழுந்தமை தற்செயலன்று என்பது எம் கருத்து.

இனி அவருடைய சைவப் பற்றைச் சிறிது கூறுவாம். அவர் கற்ற ஆங்கிலக் கலாசாலையிலே தமிழுக்கு இடமில்லை. ஆயினும் உத்தியோகத்தின் இடையிடையே திருவாசகத்திலும் தாயுமானவர் பாடலிலும் புறநானூற்றிலும் ஆழ்ந்து, அவற்றுட் சிலவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்து மேனாட்டார்க்கு அறிமுகஞ் செய்தார். தஞ்சாவூரிலிருந்து வந்த ஞானியார் ஒருவரை அடுத்து உபதேசம் கேட்டார். 1890ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த கார்ப்பென்றர் குருணாகலில் இவரோடு தங்கி அந்த ஞானியாரைக் கண்டு உரையாடினார். அவ்வனுபவத்தைத் தம் பிரயாண நூலிலே விரிவாக எழுதினார். ஞானநெறி குறித்து அருணாசலனார் அவர்க்கெழுதிய கடிதங்கள் அவர் மறைந்தபின் நூலுருப் பெற்றன. பொலனறுவையின் சிவாலயங்களிலிருந்து வெளிப்பட்ட நடராச வடிவம் முதலிய செப்புத் திருமேனிகளைப் பற்றியும், முருக வழிபாட்டையும் கதிர்காமத்தையும் பற்றியும் அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் இராயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைப் பத்திரிகையில் வெளிவந்தன. சைவத்தைத் திண்ணைப் பேச்சாக விடாது, உலகத்து அறிஞர் அவையிலே எடுத்து நிறுத்த முயன்றவர் அவர்.

சர்வகலாசாலைக் கிளர்ச்சியைக் கூறுமுன் அதன் முற்சரித்திரத்தைச் சிறிது அறிதல் நன்று. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனாரிமார் 1823ஆம் ஆண்டு தாபித்த செமினரி, வானசாத்திரமும் கணிதமும் தமிழும் ஆங்கிலமும் உயர்தரமாகக் கற்பித்தது. அதனைப் பட்டமளிக்கும் கலாசாலையாக்க விரும்பியும் அதிகாரம் கிடைக்கவில்லை. 1855இல் அது மூடப்பட்டது. அதற்கு இரண்டாண்டின் பின், 1857இலே, சென்னைச் சர்வகலாசாலை தோன்றிற்று. அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரும் யாரெனின், வட்டுக்கோட்டையிற் கற்ற யாழ்ப்பாணத்தாராகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையுமே. பிற்காலத்தில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றித் தமிழைக் காத்த அதே தாமோதரம்பிள்ளையவர்கள்தாம். சென்னையின் முதற் பட்டங்கள் இலங்கையர் கைக்கு வந்தன; இலங்கைக்கோ தன் பட்டத்தைத் தன் மண்ணில் வழங்க மேலும் 85 ஆண்டுகள் சென்றன. இவ்வெண்ணை வகுப்பிலே கரும்பலகையில் எழுதிக் காட்டினாற் போதும், பிள்ளைகள் நெடுங்காலம் மறவார்.

இந்நிலையிலே 1906ஆம் ஆண்டு இலங்கைச் சர்வகலாசாலைச் சங்கம் அமைக்கப்பட்டது. அருணாசலனார் தலைமை தாங்கினார். ஜேம்ஸ் பீரிஸ், மார்க்கஸ் பெர்னாந்து முதலிய சிங்களப் பிரமுகர்கள் உடனின்றனர். அருணாசலனாரின் மைத்துனரும் கலையாராய்ச்சியிலே பின்னர் உலகப் புகழ் எய்தியவருமாகிய ஆனந்த குமாரசுவாமியும் சேர்ந்துழைத்தார். அருணாசலனார் அப்போது இராசாங்க உத்தியோகத்தர் என்பதை மறத்தலாகாது. இராசாங்கத்தின் சம்பளம் பெறுபவர் அவ்விராசாங்கத்தின் கல்விக் கொள்கை போதாதென்று சங்கங் கூட்டுதல் அக்காலத்திலே எளிய காரியமன்று.

அவர் வேண்டிய சர்வகலாசாலை எத்தன்மையது? இதுவே இச்சரித்திரத்தின் உயிர்நிலை. பரீட்சை நடத்திப் பட்டத்தாள் வழங்கும் காரியாலயத்தை அவர் கேட்கவில்லை. அத்தகைய பரீட்சைகள் ஏற்கெனவே இருந்தன; கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் வினாத்தாள் அச்சிடப்பட்டுக் கப்பலேறி வர, இங்குள்ள மாணவர் விடையெழுதி அனுப்பினர். வினா எழுதியவர்க்கு இலங்கை மாணவரின் மொழியும் தெரியாது, ஊரும் தெரியாது, முன்னோர் சரித்திரமும் தெரியாது. அதன் பயனாக, ஆங்கில அரசரின் வரிசையைப் பிழையறச் சொல்லும் பிள்ளை தன் தாய்மொழியிலே ஒரு கடிதம் வழுவின்றி எழுத மாட்டாதவனாயினான். கற்றவர் ஒருசாரார், கல்லாதவர் பெருந்தொகையார். இவ்விரு பகுதியார்க்கும் இடையே பேச்சுமொழியும் அறுந்துபோயிற்று. படித்தவர்களைச் சொந்த நாட்டிலேயே அந்நியராக்கும் கல்வி எத்துணைச் சிறந்ததாயினும் அதன் பயன் நாட்டுக்கில்லை என்பதை அவர் எடுத்துரைத்தார். ஆதலால், நல்லாசிரியரும் நூல்நிலையமும் ஆராய்ச்சியும் உடையதாய், சிங்களம் தமிழ் என்னும் நாட்டு மொழிகளுக்கும் வடமொழி பாளி முதலிய பழைய மொழிகளுக்கும் இந்நாட்டுச் சரித்திரத்துக்கும் உரிய ஆசனம் அளிப்பதாய், மேனாட்டு விஞ்ஞானத்தையும் தள்ளாததாய் ஒரு கலைக்கோயில் வேண்டுமென வாதித்தார். ஆங்கிலத்தை அவர் வெறுத்தாரல்லர். அம்மொழியிலே அவரினும் நன்றாக எழுதினோர் அக்காலத்து இலங்கையில் மிகச் சிலரே. தாய்மொழியைப் புறக்கணித்து அதன் இடத்திலே ஆங்கிலத்தை வைப்பதையே மறுத்தார்.

சிறிய தீவுக்குச் சர்வகலாசாலை ஏன் என்றனர் சிலர். இந்தியாவிற் போலப் பட்டம் பெற்று வேலையற்று அலைவோர் தொகை பெருகும் என்று அஞ்சினர் வேறு சிலர். புலமைப்பரிசில் நிறுத்தப்படுமோ என்று தம் பிள்ளைகளைக் குறித்துக் கவலையுற்ற செல்வர்களும் இருந்தனர். இத்தடைகளோடு 1914இல் மூண்ட உலகப் போரும் சேர, காரியம் பின்னும் தள்ளிப்போயிற்று.

ஒரு குறையையும் மறையாது சொல்லவேண்டும். அச்சங்கத்திலே இருந்தோர் பெரும்பாலும் ஆங்கிலங் கற்ற கனவான்களே. அவர்கள் முதலிற் கேட்டதும் இராயல் கலாசாலையை உயர்த்தவேண்டும் என்பதே. கிராமத்துத் தமிழ்ப் பாடசாலை உபாத்தியாயர்களையோ பௌத்த பிரிவேனைப் பிக்குகளையோ முன்வரிசையில் இருத்தி அவர்கள் ஆலோசிக்கவில்லை. நாட்டு மொழிக்காகப் பேசிய பேச்சும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. மேலிருந்து கீழ்நோக்கி வந்த கிளர்ச்சி அது. அக்காலத்து அதிகாரத்தின் செவிக்கு வேறு மொழி எட்டாது என்பது உண்மையே. எனினும் இக்குறையின் விளைவைப் பின்னே காண்போம்.

1912ஆம் ஆண்டு நிர்வாகசபை அங்கத்தவராகி, 1913இலே சேர் பட்டம் பெற்று அருணாசலனார் உத்தியோகத்தினின்றும் ஓய்ந்தார். பிறரெல்லாம் ஓய்வு நாற்காலியை நாடும் அவ்வயதிலே, அறுபதிலே, அவருடைய இரண்டாம் வாழ்வு தொடங்கிற்று. 1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தோற்றுவித்து, கொழும்பு நகரத்துச் சேரிகளிலே இராப் பாடசாலைகளுக்கும் வைத்திய உதவிக்கும் வழிகோலினார். 1917இல் இலங்கைச் சீர்திருத்தச் சங்கத்துக்குத் தலைவராயினார்.

இங்கே எம் மலைநாட்டுக் கதை வந்து சேருகின்றது. தெல்தோட்டைக்கு அணித்தாகிய லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் ரெயிலர் என்னும் துரை 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டதும், கோப்பி நோயால் அழிந்தபின் அத்தேயிலையே மலைகளை மூடியதும் பிள்ளைகள் பாடப்புத்தகத்திற் படிப்பனவே. அத்தேயிலையைப் பறித்த கைகள் எந்தச் சட்டத்தின் கீழ் இருந்தன என்பதைப் பாடப்புத்தகம் அவ்வளவு விரித்துச் சொல்வதில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கும் தொழிலாளி குற்றவாளி. அவன் சிறைக்குச் செல்வான். வேறு பல வேலைகளில் ஒப்பந்தந் தவறினால் அது பண வழக்கு. தோட்டக் கூலிக்கோ அது சிறை வழக்கு. இதனோடு துண்டு என்னும் முறையும் இருந்தது. தொழிலாளியின் பேரிலுள்ள கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவார்க்கு இவனை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. தென்னாட்டினின்றும் புறப்படும்போது கங்காணி கொடுத்த முற்பணத்திலே தொடங்கிய கடன் அரிசிக் கணக்கோடும் கம்பளிக் கணக்கோடும் வளர்ந்து, துண்டு வழியே தோட்டத்துக்குத் தோட்டம் அவனைப் பின்தொடர்ந்தது. மனிதனைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றும் வியாபாரம் இது என்பதன்றி வேறென் சொல்வது?

நீதிபதியாயிருந்து சட்டத்தின் உள்ளும் புறமும் அறிந்த அருணாசலனார் இம்முறையை எதிர்த்து எழுதினார்; இலங்கை அதிகாரிகளோடு அமையாது இங்கிலாந்து அதிகாரிகளுக்கும் முறையிட்டார். 1919ஆம் ஆண்டு தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவித் தலைமை தாங்கினார். அதன் காரியதரிசியாக அமைந்தவர் பெரி சுந்தரம். மலைநாட்டுத் தோட்டக் குடும்பத்திற் பிறந்து கண்டித் திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் கற்று நியாயவாதியானவர் அவர். 1931இலே தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியாகவும் ஆயினார். மானிப்பாய் மரபினரான கொழும்புச் சீமானும் தோட்டத்துப் பிள்ளையாகிய பட்டதாரியும் ஒரே மேசையில் அமர்ந்து கூலிகளின் விண்ணப்பத்தை எழுதிய அக்காட்சியை யான் பலகாலும் எண்ணிப் பார்ப்பதுண்டு. உயர்கல்வி ஒருவனைத் தன் சனத்தினின்று பிரிக்கவும் கூடும், தன் சனத்துக்கு வாயாக்கவும் கூடும். பெரி சுந்தரம் இரண்டாவது வகை.

1921ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஒப்பந்தந் தவறியோரைச் சிறையிடும் விதியும் ஒழிந்தது. அதே 1921ஆம் ஆண்டு சனவரி மாதத்திலேதான் கொழும்பு தேர்ஸ்தன் வீதியிலே இலங்கைச் சர்வகலாசாலைக் கல்லூரி திறக்கப்பட்டது. அருணாசலனாரின் பதினைந்தாண்டுக் கிளர்ச்சியும் கூலிகளுக்கான முயற்சியும் ஒரே ஆண்டிலே பலன் கண்டன. இரண்டும் அவர் ஒருவராலேயே நிறைவேறின என்று கூறல் மிகையாகும். இந்தியாவிலெழுந்த கண்டனமும் இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலும் துண்டை ஒழிப்பதிற் பெரும் பங்கு கொண்டன. சர்வகலாசாலைக்கும் பலர் உழைத்தனர். ஆயினும் இரு முயற்சியிலும் முன்னணியில் நின்றவர் அவர்.

திறக்கப்பட்ட கல்லூரியும் அவர் கேட்டதன் பாதியே. றொபேட் மார்ஸ் அதிபராக அமைந்த அக்கல்லூரி, இலண்டன் சர்வகலாசாலையின் வெளிவாரிப் பரீட்சைக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. பட்டம் இன்னும் கப்பலிலேதான் வந்தது.

அவ்வாண்டு வேறொரு வகையிலும் அவருக்குக் கசப்பான ஆண்டு. சிங்களரும் தமிழரும் ஒருங்கு கூடி 1919ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11ஆந் திகதி அமைத்த இலங்கைத் தேசிய காங்கிரசுக்கு முதற் றலைவராயிருந்தவர் அருணாசலனார். மேல்மாகாணத்திலே தமிழர்க்கு ஒரு பிரதிநிதித்துவம் விடப்படும் என்று பெற்ற வாக்குறுதி காக்கப்படவில்லை என்று கண்டு 1921இலே காங்கிரசினின்றும் விலகினார். 1923இல் இலங்கைத் தமிழ்மக்கட் சங்கத்தைத் தாபித்தார். இப்பிணக்கைப் பற்றி ஏட்டுக்கு ஏடு வேறு வேறாக எழுதுவர். ஈண்டு அதனை விரியாது விடுகின்றோம். ஒற்றுமைக்காகத் தம் முதுமையைச் செலவிட்டவர்க்கு அது பேரிடி என்பது மாத்திரம் ஐயமில்லை.

பின்னர் அவர் நீண்டநாள் வாழ்ந்திலர். தென்னாட்டுச் சிவதலங்களை வழிபடச் சென்றவர் 1924ஆம் ஆண்டு சனவரி மாதம் 9ஆந் திகதி மதுரையிலே சிவபதம் எய்தினார். வயது 70. சொக்கலிங்கப் பெருமானும் மீனாட்சியம்மையும் வீற்றிருக்கும் பதியிலே யாத்திரிகராய் உயிர்நீத்தமை அவர் உள்ளத்துக்கு ஒத்த முடிவே.

அவர் மறைந்த பின்னரே சர்வகலாசாலைக்கு இடம் எது என்னும் பெருவழக்கு மூண்டது. கொழும்பிலே அமைக்கவேண்டும் என்பார் ஒருசாரார். கண்டிப் பக்கத்திலே அமைக்கவேண்டும் என்பார் மற்றொருசாரார். பத்திரிகாதிபர் டி. ஆர். விஜயவர்த்தன கண்டிக்காக வாதித்தார். தும்பறைப் பள்ளத்தாக்கும் ஆராயப்பட்டது. சேர் வால்ற்றர் றிடெல் தலைமையிலான ஆணைக்குழுவின் அறிக்கை 1929இலே வந்தது. அவ்வாண்டிலேயே சிதம்பரத்திலே அண்ணாமலைச் சர்வகலாசாலை எழுந்துவிட்டது. இலங்கையோ இடத்துக்காக வழக்காடிக்கொண்டிருந்தது. முடிவிலே 1938இல் அரசாங்கசபை புதிய பேராதனைத் தோட்டத்தைத் தெரிந்தெடுத்தது. பெயரே சொல்லுகின்றது, சர்வகலாசாலை எழுந்த அந்நிலமும் ஒரு தோட்ட நிலமே.

1941இலே ஐவர் ஜெனிங்ஸ் அதிபராக வந்து சேர்ந்தார். 1942ஆம் ஆண்டு யூலை மாதம் 1ஆந் திகதி, 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைச் சர்வகலாசாலை கொழும்பிலே தொடங்கிற்று. அருணாசலனாரின் மைந்தர் சேர் அருணாசலம் மகாதேவா அப்போது அரசாங்கசபை அங்கத்தவர். தந்தையார் சங்கங் கூட்டி 36 ஆண்டுகள் கழிந்திருந்தன. முதற் றமிழ்ப் பேராசிரியராக 1943இலே அமர்ந்தவர், அண்ணாமலையிலும் முதற் றமிழ்ப் பேராசிரியராயிருந்த சுவாமி விபுலானந்தர். யாழ்நூல் தந்த துறவியார் அவ்வாசனத்தில் அமர்ந்தமை, நாட்டு மொழிக்கு ஆசனங் கேட்ட அருணாசலனாருக்கு நேர்ந்த கைம்மாறு எனலாம். விபுலானந்தர் 1947இலே மறைந்தார். 1952இலே சர்வகலாசாலையின் பெரும்பகுதி பேராதனைக்குப் பெயர்ந்தது. 1954ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அருணாசலம் விடுதியோடு இராமநாதன் விடுதியும் அங்கே உண்டு. குன்றின்மேலே குறிஞ்சிக் குமரன் ஆலயத்தைச் சைவ மாணவர் எழுப்பி வழிபட்டு வருகின்றனர். முருக வழிபாட்டை ஆராய்ந்து எழுதிய பெருமகனாரின் பெயர் வழங்கும் இடத்திலே அதுவும் பொருத்தமே.

முன்னே சொன்ன குறையின் விளைவு இனி. நாட்டு மொழிக்காகக் கேட்கப்பட்ட சர்வகலாசாலை ஆங்கிலத்திலேயே கற்பிக்கத் தொடங்கிற்று. கலைப் பாடங்களைச் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்க 1960ஆம் ஆண்டளவு வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. ஹந்தானையின் அழகும் விடுதிகளின் வசதியும் வாய்ந்த அக்கலைநகரிலே ஆங்கிலங் கற்ற இல்லங்களின் பிள்ளைகளே முதலிற் பெருகியிருந்தனர். யாழ்ப்பாணத்திலே இராமநாதன் அவர்கள் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளவிலே 1974இல் வேறொரு வளாகம் தோன்றி 1979இல் தனிச் சர்வகலாசாலையாயிற்று. பேராதனையும் அவ்வாண்டு முதல் தனிச் சர்வகலாசாலையாக இயங்குகின்றது.

தோட்டப் பிள்ளைகளின் நிலை யாதாயிற்று? 1945இலே இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் பயனைப் பெறாது புறத்தே நின்றன. ஓராசிரியர், ஓரறை, ஐந்தாம் வகுப்போடு முடிவு. அதன்பின் கொழுந்துக் கூடை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. தெல்தோட்டைப் பக்கத்து லயங்களிலிருந்தும் குடும்பங்கள் மூட்டை கட்டின. பெரி சுந்தரம் போன்ற ஒருவர் தோன்றியது தனிக் குடும்பத்தின் முயற்சியாலன்றிப் பாடசாலையின் ஒழுங்கால் அன்று. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970ஆம் ஆண்டுகளிலேதான். அதன்பின் மெல்ல மெல்ல உயர்வகுப்புகள் ஏற்பட்டன. பெயர்த்துக் கட்டப்பட்ட ஓரறைக் கட்டிடங்கள் மாடி கண்டன. மலைநாட்டுப் பிள்ளைகள் பேராதனைப் படியேறலாயினர். தம் சனத்தொகைக்கேற்ற அளவை அவர்கள் தொகை இன்னும் எட்டவில்லை. விஞ்ஞான கணித ஆசிரியர் இல்லாக் குறை மலைப் பாடசாலைகளிலே இன்றும் பெரிது. இதனை இவ்வேட்டைப் படிப்போர்க்கு யான் எடுத்துக் கூறவேண்டுவதில்லை.

கலஹாச் சாலையிலே காலை வண்டி இறங்கும்போது, தெல்தோட்டையில் ஏறி வந்த மாணவர் சிலர் சர்வகலாசாலை வாசலில் இறங்கிக்கொள்ளுகின்றனர். அவர்களுள் ஒருத்தியின் பாட்டனார் லூல்கந்துர மலையிலே பிரட்டுக்கு நின்றவர் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கின்றாள். கடைசித் தேர்வுக்கு அவள் எழுதும் ஆய்வு துண்டு முறையைப் பற்றியது.